புள்ளடி இட்ட கைகள்

இங்கிலாந்துக்காரர் என்றதும் எமது நினைவுக்கு வருபவர்கள் யார்? வரலாற்றுப் பாடத்துக்காக மனனம் செய்த பெயர்கள்தாம்: தேசாதிபதி நோர்த், மெயிற்லண்ட், பிறவுண்றிக், கோல்புறூக், கமரன். அவர்களுக்குப் பின்னால் கோப்பித் தோட்டத்துத் துரைமார். எல்லோரும் ஆள வந்தவர்கள். எல்லோருக்கும் அழகான கையொப்பம் இருந்தது. கோல்புறூக் - கமரன் சீர்திருத்தங்கள் இலங்கையில் அமுலுக்கு வந்த அதே 1833ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வேறொரு சட்டம் நிறைவேறியது. ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பருத்தி ஆலைகளில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். அதைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது என்றால் அதுவரை என்ன நடந்திருக்கும் என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

அந்த ஆலைகளில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி நான் எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை. அவர்களும் இங்கிலாந்துக்காரர்தாம். அவர்களுடைய சந்ததியினரின் அயலில் இப்போது நான் வாழ்கிறேன். கல்லூரிச் சஞ்சிகைக்குப் பழைய மாணவி என்ற முறையில் ஏதாவது எழுதுங்கள் என்று கேட்கப்பட்டபோது, அவர்களில் ஒரு குடும்பத்தைத் தேடிப் போன கதையைச் சொல்லலாம் என்று தோன்றியது. தேடியது என் குடும்பத்தை அல்ல. ஆனாலும் அந்தத் தேடல் எனக்குக் கற்றுத் தந்தவை எம் எல்லோருக்கும் பொதுவானவை.

திருமணமாகி நான் வந்து சேர்ந்த ஊர் வட இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள பிளாக்பர்ன். ஒரு காலத்தில் நெசவுக்குப் பேர் போன நகரம். இந்தியச் சந்தைக்கான வேட்டித் துணி இங்கிருந்து பெருமளவில் கப்பலேறியது. இன்று ஆலைகள் மூடப்பட்டுவிட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த ஆலைகளின் இரவு வேலைக்கென்று குஜராத்திலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வந்த முஸ்லிம்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே நிறைந்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு மூதாட்டி தனியாக வசிக்கிறார். 1938இல் பிறந்தவர். பதினைந்து வயதில் பாடசாலையை விட்டு நெசவாலைக்குப் போனவர். அவருடைய தாயும் தாயின் தாயும் நெசவாளர்களே. ஆங்கிலம் படித்துத்தான் வந்தேன் என்றாலும், வந்த புதிதில் இந்த ஊர்ப் பேச்சு எனக்கு மட்டுமட்டாகத்தான் விளங்கியது. ஆனால் இவர் பேசுவது மட்டும் நன்றாக விளங்கும். காரணம் பிறகுதான் தெரிந்தது. தறிகளின் இரைச்சலில் குரல் கேட்காது என்பதால் லங்காஷயர் நெசவாளப் பெண்கள் உதடுகளைப் பெரிதாக அசைத்து, உதட்டைப் பார்த்தே பேச்சை விளங்கிக் கொள்வார்களாம். தறிகள் ஓய்ந்து எத்தனையோ ஆண்டுகளாகியும் அவருடைய உதடுகள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. இந்தப் பகுதிப் பிள்ளைகள் பாட்டியை ‘நானா’ என்று அழைப்பார்கள். என் பிள்ளைகளும் அவரை அப்படியே அழைக்கத் தொடங்கினார்கள். தொலைபேசியில் அதைக் கேட்ட என் உம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “வயசான மனிசிய நானா எண்டா கூப்பிடுற?” என்றார்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நாள், பல்கலைக்கழகத்தில் படிக்கும் பேத்தி தன் முன்னோரைப் பற்றிக் கேட்டதாகவும் தனக்குப் பதில் தெரியவில்லை என்றும் அவர் சொன்னார். “பிரபுக்களுக்குத்தான் வம்ச வரலாறு இருக்கும். எங்களைப் போன்றவர்களுக்கு என்ன இருக்கிறது?” என்றார். பிறகு மேசையில் ஒரு பழைய பிஸ்கட் பேணியைக் கொண்டுவந்து வைத்தார். அதற்குள் பெற்றோரின் திருமண அத்தாட்சிப் பத்திரம், பாட்டியின் மரண அறிவித்தல் அட்டை ஒன்று, பெயர் எழுதாத ஆறேழு புகைப்படங்கள். அவ்வளவுதான். எனக்குக் கணினி பழக்கம். அவருக்கு ஊரும் பேச்சும் பழக்கம். இருவரும் சேர்ந்து தேடத் தொடங்கினோம்.

இந்த வேலையில் முதல் விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததை நோக்கி ஒவ்வொரு படியாகப் பின்னால் போவது. ஒரு பிறப்புப் பதிவில் தாயின் கன்னிப் பெயர் இருக்கும். அதைக் கொண்டு பெற்றோரின் திருமணப் பதிவைத் தேடலாம். அதில் மணமக்களின் வயதும் தந்தையரின் பெயரும் தொழிலும் இருக்கும். அதைக் கொண்டு அவர்களின் பிறப்பைத் தேடலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, இறப்பு, திருமணங்களை அரசாங்கமே பதியத் தொடங்கியது 1837 ஜூலை 1ஆம் திகதி. அதற்கு முன் தேவாலயப் பதிவேடுகள் இருந்தன; எட்டாம் ஹென்றியின் காலத்தில், 1538இல், அவற்றை வைத்திருக்கும்படி கட்டளை பிறந்தது. ஆக, கூலித் தொழிலாளி ஒருவரின் முன்னோரைக்கூட நூற்றாண்டுகள் பின்னோக்கித் தேடிப் போக வழியுண்டு.

ஆனால் நாங்கள் தேடியது தாய்வழியை. தாய், தாயின் தாய், அவரின் தாய் என்ற வரிசை. ஆங்கில வழக்கில் பெண் மணமுடித்ததும் கணவனின் குடும்பப் பெயரை ஏற்பாள் என்பதால் ஒவ்வொரு தலைமுறையிலும் பெயர் மாறிவிடும். இன்னொரு தடையும் இருந்தது. திருமணப் பதிவில் மணமகன், மணமகள் இருவருடைய தந்தையரின் பெயருக்கும் இடமிருந்தது. தாய்மாரின் பெயருக்கு இடமே இருக்கவில்லை. 1837 முதல் அப்படியே இருந்த அந்தப் படிவம் மாற்றப்பட்டது 2021 மே 4ஆம் திகதிதான். பெற்று வளர்த்த தாய், மகளின் திருமணப் பத்திரத்தில் இடம்பெற நூற்று எண்பத்து நான்கு வருடங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

பெயர்களின் எழுத்துக் கூட்டலும் எங்களை அலைக்கழித்தது. எழுதத் தெரியாதவர் வாயால் சொல்வார். பதிவாளர் தம் காதில் விழுந்தபடி எழுதுவார். ஒரே குடும்பம் மூன்று பதிவுகளில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பம் நிரப்பும்போது பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பாத்திமாவும் பாடசாலை இடாப்பில் வேறொரு பாத்துமாவும் நின்றுகொண்டு எம்மைப் படுத்தும் பாட்டை நினைத்தால், அந்த ஊர்ப் பதிவாளர்களைக் குறை சொல்ல எமக்கு வாய் வராது.

பிறப்பும் திருமணமும் ஒரு நாளின் செய்தி. ஒரு குடும்பம் எப்படி வாழ்ந்தது என்று காட்டுவது குடிசன மதிப்புப் பதிவு. 1801 முதல் பத்தாண்டுக்கு ஒரு முறை எடுக்கப்பட்டு வருகிறது; 1841 முதல் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரும் அதில் உண்டு. நூறு வருடங்கள் கழிந்த பின்னரே பொதுமக்கள் பார்வைக்குத் திறப்பார்கள். 1921இன் பதிவுகள் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டன. அடுத்த பத்தாண்டுக்குரியது என்றைக்கும் திறக்கப்படாது. 1931இன் பதிவுகள் முழுவதும் 1942 டிசம்பரில் ஒரு தீ விபத்தில் எரிந்து போயின. போர் காரணமாக 1941இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்புவது போர் தொடங்கியதும் அடையாள அட்டை வழங்குவதற்காக 1939 செப்டெம்பர் 29ஆம் திகதிய விபரங்களோடு எடுக்கப்பட்ட பதிவேடு.

அதில்தான் நாங்கள் தொடங்கினோம். வீட்டு முகவரியைக் கண்டதும் மூதாட்டி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரைக்கு அருகே வந்தார். தாய், இருபத்தேழு வயது, பருத்தி நெசவாளர். அதற்குக் கீழே ஒரு வரி கறுப்புப் பட்டையால் மூடப்பட்டிருந்தது. உயிரோடு இருப்பவர்களின் விபரத்தை அப்படி மறைப்பார்கள். அது அவருடைய சொந்த வரி. “நான் இன்னும் சாகவில்லை என்பதற்கு அரசாங்கமே தந்த அத்தாட்சி” என்று சிரித்தார். அதே வீட்டில் பாட்டி, ஐம்பது வயது. தொழில் என்ற இடத்தில் ‘சம்பளமற்ற வீட்டு வேலை’ என்றிருந்தது. அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஆலையில் முப்பது வருடம் தறி ஓட்டியவர், மகள் வேலைக்குப் போக பேத்தியை மடியில் வளர்த்தவர், தெருவிலுள்ள பாதி வீடுகளுக்குத் துணி துவைத்துக் கொடுத்தவர் என்று சொல்லிக்கொண்டே போனார். நாடு முழுவதும் இலட்சக்கணக்கான பெண்களின் பெயருக்கு நேரே அந்தச் சொற்களே எழுதப்பட்டிருக்கின்றன.

எமது தமிழில் பாட்டிக்கு மேலே பூட்டி, பூட்டிக்கு மேலே ஓட்டி என்று சொல் உண்டு. மூதாட்டியின் பூட்டியை நாங்கள் கண்டது 1911இன் பதிவில். அந்த வருடத்துப் பதிவுக்கு ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. முந்திய வருடங்களில் கணக்கெடுப்பாளர் தம் புத்தகத்தில் பெயர்த்து எழுதியவையே எஞ்சியுள்ளன. 1911இல் குடும்பத் தலைவர் தம் கையால் நிரப்பிய படிவமே பாதுகாக்கப்பட்டிருக்கிறது. மணமான பெண்களிடம் அந்த முறை சில கேள்விகள் கேட்கப்பட்டன: மணமாகி எத்தனை வருடம், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பவர்கள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை.

பூட்டியின் பெயருக்கு நேரே மூன்று இலக்கங்கள். ஒன்பது, ஐந்து, நான்கு.

நான்கு பிள்ளைகள் இறந்த செய்தி மூதாட்டிக்குத் தெரியாது. அவருடைய தாயும் பாட்டியும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. படிவத்தின் அடிப்பகுதியில் இன்னும் சில வரிகள் இருந்தன. அவற்றின் மேல் அலுவலரின் மையால் கோடு இழுத்து வெட்டப்பட்டிருந்தது. கவனித்துப் பார்த்தபோது கோட்டுக்குக் கீழே எழுத்துகள் தெரிந்தன. இறந்த நான்கு பிள்ளைகளின் பெயர்கள். வீட்டில் இருப்பவர்களை மட்டும் எழுதச் சொன்ன படிவத்தில் தந்தை தம் எல்லாப் பிள்ளைகளையும் எழுதிவிட்டார். அந்த வருடம் நாடெங்கும் பல பெற்றோர் இப்படிச் செய்திருக்கிறார்கள். அலுவலருக்கு அது படிவத்தைப் பிழையாக நிரப்பிய ஒன்று, சரிசெய்து அனுப்பிவிட்டார்.

அந்தப் பெயர்களைக் கொண்டு பிறப்பு, இறப்பு அட்டவணைகளில் தேடினோம். ஒரே நகரில் ஒரே பெயரில் இரண்டு குழந்தைகள் இருந்தால் தாயின் கன்னிப் பெயரைப் பார்த்தே வேறுபிரிக்க வேண்டும். நான்கு பேரும் கிடைத்தார்கள். மூவர் ஒரு வயதைத் தாண்டவில்லை. ஒருத்தி நான்கு வயது வரை இருந்திருக்கிறாள். மரணக் காரணங்கள் சின்னமுத்து, வயிற்றோட்டம், மார்புச்சளி. இரண்டு கணக்கெடுப்புகளுக்கு இடையில் பிறந்து இறந்ததால் எந்தக் குடிசன மதிப்பிலும் அவர்கள் இல்லை. தந்தை அந்த வரிகளை எழுதியிராவிட்டால் அவர்களைத் தேட வேண்டும் என்றே எமக்குத் தோன்றியிராது. மூதாட்டி ஒரு தாளில் நான்கு பெயர்களையும் பெரிய எழுத்தில் எழுதிப் பேணிக்குள் வைத்தார். அன்று வேறெதுவும் தேடவில்லை.

பூட்டி பிறந்தது 1867. அவருடைய தாயான ஓட்டியைத் தேடிப் போனபோது 1861இன் பதிவில் பதினான்கு வயதுப் பெண்ணாக, நெசவாளராக, அவர் எமக்குக் கிடைத்தார். அந்தக் கணக்கெடுப்பு நடந்த நாள் 1861 ஏப்ரல் 7. சரியாக ஐந்து நாட்களில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. லங்காஷயர் ஆலைகளுக்கு வந்த பருத்தியில் பெரும்பகுதி அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைகள் விளைவித்தது. துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டதும் பருத்தி நின்றது, ஆலைகள் மூடின. 1865 வரை நீடித்த அந்தக் காலத்தை ‘பருத்திப் பஞ்சம்’ என்பார்கள். வேலையிழந்த ஆலைப் பெண்களுக்காகத் தையல் வகுப்புகள் திறக்கப்பட்டன. தைத்தால் சிறு உதவித் தொகை கிடைக்கும். பல இடங்களில் எழுத்தும் வாசிப்பும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஓட்டியின் பிறப்புப் பதிவின் பிரதியை அரச பதிவகத்திடம் கேட்டிருந்தோம். அது என் மின்னஞ்சலுக்கு வந்ததால் நான்தான் முதலில் பார்த்தேன். 1846. பிறந்த இடம் ஏழைகள் விடுதி. தந்தையின் பெயருக்குரிய இடத்தில் ஒரு கோடு. தகவல் தந்தவர் தாய். கையொப்பத்தின் இடத்தில் ஒரு புள்ளடி, அதைச் சுற்றி ‘இன்னாரின் அடையாளம்’ என்று பதிவாளரின் எழுத்து.

ஏழைகள் விடுதி என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். 1834இன் வறியோர் சட்டத்துக்குப் பின் உழைக்கக் கூடிய ஏழைக்கு உதவி வேண்டுமானால் அந்த விடுதிக்குள் போய்த்தான் பெற வேண்டும் என்று வகுத்தார்கள். உள்ளே போனால் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறொரு பக்கம். கஞ்சியும் கடும் வேலையும். மக்கள் அங்கே போவதைவிடப் பட்டினி கிடப்பதே மேல் என்று நினைக்கும்படி திட்டமிட்டே அதை அமைத்தார்கள். அங்கே பிறந்தவர் என்ற பெயர் ஆயுள் முழுவதும் ஒட்டிக்கொள்ளும். 1904 முதல் அத்தகைய பிறப்புகளைப் பதியும்போது விடுதி என்று எழுதாமல் ஒரு தெரு முகவரியை மட்டும் எழுதும் வழக்கம் வந்தது, பிள்ளைக்கு அவமானம் வரக் கூடாது என்பதற்காக. ஓட்டி பிறந்தபோது அந்தக் கருணை இன்னும் பிறக்கவில்லை.

மூதாட்டியின் குடும்பத்தில் ஒரு கதை வழங்கி வந்தது. ஓட்டியின் தந்தை ஒரு போர்வீரர், மகள் பிறக்குமுன் கடல் கடந்து போய் இறந்தவர் என்று. அந்தக் கதையைப் பேத்திக்கும் சொல்லியிருக்கிறார். இப்போது அந்தக் கோட்டை நான் எப்படிக் காட்டுவது? பிறரின் குறையை மறைப்பது எமது வீடுகளில் சிறு வயதிலேயே கற்றுத் தரப்படும் பண்பு. எண்பத்து நான்கு வயதில் ஒருவரின் மனத்தை நோகடித்து என்ன ஆகப்போகிறது என்று ஒரு பக்கம் தோன்றியது. அவர் என்னை நம்பித் தந்த வேலையில் பாதியை மறைத்து வைப்பதும் சரியில்லை என்று மறுபக்கம் தோன்றியது. இரண்டு இரவுகள் யோசித்துவிட்டு உம்மாவுக்கு அழைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உம்மா சொன்னார்: “அது அவங்கட சொத்து மகள். நீங்க வெச்சிக்கொண்டிருக்க ஏலாது. ஆனா தாள மட்டும் நீட்டிட்டு வந்திராதீங்க. பக்கத்தில இருந்து சொல்லுங்க.”

அதன்படி, வெறும் தாளை மட்டும் கொண்டு போகாமல், அடுத்த பதிவையும் தேடி எடுத்துக்கொண்டு போனேன். 1851இன் குடிசன மதிப்பு. அதில் ஒரு சிறிய வீடு. குடும்பத் தலைவர் ஓர் இளைஞர், நெசவாளர். அவருடன் அவருடைய சகோதரி, இருபத்தைந்து வயது, விசைத்தறி நெசவாளர். நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி. தலைவருக்கு அவள் என்ன முறை என்ற இடத்தில் சகோதரியின் மகள் என்றிருந்தது. தமிழில் சொன்னால், பிள்ளை மாமாவின் வீட்டில் வளர்ந்திருக்கிறாள். தாய் அவளை விடுதியில் விட்டுவிட்டுப் போகவில்லை. ஆலையில் உழைத்துத் தன்னோடு வைத்திருந்திருக்கிறாள்.

முதலில் அந்தக் கோட்டைக் காட்டினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு 1851இன் தாளை எடுத்து அந்த மூன்று வரிகளிலும் விரலை வைத்து வாசித்தார். “அந்தப் போர்வீரனை நான் நன்றாகவே நேசித்தேன்” என்றார். சற்று நேரம் கழித்து, “ஆனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவள் இவள்தானே. இத்தனை வருடம் இவளைப் பற்றி யாரும் ஒரு கதை சொல்லவில்லையே” என்றார்.

அந்தத் தாயையும் தேடினோம். 1841இன் பதிவில் பதினைந்து வயதில், கைத்தறி நெசவாளரான தகப்பனின் வீட்டில் இருந்தாள். 1841இல் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதும்படி பணிப்பு இருந்ததால், பதினைந்து என்றால் பதினைந்துக்கும் பத்தொன்பதுக்கும் இடைப்பட்ட ஏதோ ஒன்று என்றுதான் கொள்ள வேண்டும். தகப்பனின் தொழிலே அந்தக் குடும்பத்தின் வறுமையைச் சொல்லிவிடுகிறது. விசைத்தறி வந்ததும் கைத்தறிக்காரரின் கூலி வீழ்ந்தது. 1826 ஏப்ரலில் கிழக்கு லங்காஷயர் மக்கள் திரண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட விசைத்தறிகளை உடைத்தார்கள். தறிகள் மீண்டும் வந்தன; கைத்தறிக்காரரின் கூலி மீளவில்லை. தகப்பன் எதிர்த்து நின்ற இயந்திரத்திலேயே மகள் வேலை செய்து பிள்ளை வளர்த்தாள்.

கடைசியாக நாங்கள் பார்த்தது ஓட்டியின் திருமணப் பதிவு. 1866. அரச பதிவகம் தரும் பிரதியில் எல்லாம் எழுதுவினைஞரின் கையெழுத்தாகவே இருக்கும். ஆனால் தேவாலயத்துத் திருமணப் பதிவேட்டில் மணமக்கள் தம் கையால் இட்டது அப்படியே இருக்கும். 1754 முதல் அது சட்டம். பிரெஸ்டன் நகரில் உள்ள லங்காஷயர் ஆவணக் காப்பகத்துக்கு இருவரும் ரயிலில் போனோம். பதிவேட்டின் படப்பிரதியைத் திரையில் பார்த்தோம். மணமகனின் இடத்தில் ஒரு புள்ளடி. மணமகளின் தந்தை பெயர் என்ற இடத்தில் கோடு. ஏதாவது ஒரு பெயரைச் சொல்லி அந்த இடத்தை நிரப்பியவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம், ஓட்டி நிரப்பவில்லை. அதற்குக் கீழே, மணமகளின் கையொப்பம். ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, அழுத்தி, கோணலாக. ஓர் எழுத்தின் வாலில் மை சிந்தியிருந்தது. ஆனால் முழுப் பெயர்.

1840ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் மணமுடித்த ஆண்களில் மூன்றில் ஒரு பங்கினரும் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேரும் பெயரெழுதாமல் புள்ளடியே இட்டார்கள். ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது 1870இல். கட்டாயக் கல்வி 1880இல். பெரும்பாலான ஆரம்பப் பாடசாலைகளில் கட்டணம் நீங்கியது 1891இல். அதன் பிறகும் ஆலை நகரங்களில் பிள்ளைகள் பாதி நாள் ஆலையிலும் பாதி நாள் பாடசாலையிலும் கழித்தார்கள். அதற்கு முடிவு கட்டியது 1918இன் கல்விச் சட்டம். ஓட்டி கையெழுத்திட்ட நாளில் இந்தச் சட்டங்களில் ஒன்றேனும் பிறந்திருக்கவில்லை. ஞாயிறுப் பாடசாலையிலோ பருத்திப் பஞ்சத்துத் தையல் வகுப்பிலோ, பசியோடு உட்கார்ந்து, தன் பெயரை எழுதப் பழகியிருக்க வேண்டும். மறு வருடம் மகளின் பிறப்பைப் பதியப் போனபோதும் அவர் புள்ளடி இடவில்லை.

மூதாட்டி திரையில் அந்தக் கையொப்பத்தைத் தொட்டுப் பார்த்தார். நான் என் உம்மம்மாவை நினைத்துக்கொண்டேன். ஓய்வூதியப் படிவத்தில் பெருவிரலை மையில் தோய்த்து அழுத்திவிட்டு, அந்த விரலைச் சேலைத் தலைப்பால் எமக்குத் தெரியாமல் துடைத்துக்கொள்வார். ‘கைநாட்டு’ என்ற சொல்லை எவ்வளவு இலேசாக நாம் ஏளனத்துக்குப் பயன்படுத்துகிறோம். அந்தப் புள்ளடிக்கும் அந்தக் கைநாட்டுக்கும் பின்னால் இருந்தது அறிவின்மை அல்ல. வாய்ப்பின்மை.

ஏழைகள் தம்மைப் பற்றி எழுதி வைப்பது அரிது. அவர்களைக் கணக்கெடுத்தவர்கள், அடைத்து வைத்தவர்கள், மணமுடித்து வைத்தவர்கள், அடக்கம் செய்தவர்கள் எழுதியதே பெரும்பாலும் எஞ்சுகிறது. அந்த எழுத்தில் பெண்ணின் உழைப்பு ‘சம்பளமற்ற வேலை’ ஆகிறது; தாயின் பெயருக்கு இடமில்லாமல் போகிறது; இறந்த பிள்ளையின் மேல் கோடு விழுகிறது. ஆனாலும் பொறுமையாக வாசித்தால் கோட்டுக்குக் கீழே எழுத்து தெரிகிறது. ‘எங்களைப் போன்றவர்களுக்கு வரலாறு இல்லை’ என்று சொன்னவரின் பேணி இப்போது நிரம்பி, இரண்டாவது பேணி ஒன்று தேவைப்பட்டிருக்கிறது.

தங்கைமாரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். விடுமுறையில் ஒரு கொப்பி எடுங்கள். உங்கள் உம்மம்மாவிடமும் வாப்பும்மாவிடமும் உட்கார்ந்து அவர்களுடைய தாயின் பெயரைக் கேளுங்கள். அந்தத் தாயின் தாயின் பெயரையும் கேளுங்கள். எந்த ஊரில் பிறந்தார்கள், என்ன வேலை செய்தார்கள், எத்தனை பிள்ளைகளைப் பெற்று எத்தனை பேரை இழந்தார்கள் என்று கேளுங்கள். பாய் பின்னியது, நெல் குற்றியது, தைத்துக் கொடுத்தது எல்லாவற்றையும் தொழில் என்றே எழுதுங்கள். அலுமாரியில் கிடக்கும் புகைப்படங்களின் பின்புறத்தில் பென்சிலால் பெயரும் ஆண்டும் குறியுங்கள். பெற்றோரே, பிள்ளைகள் கேட்கும்போது சொல்லுங்கள்; வெட்கப்பட வேண்டியது என்று நீங்கள் நினைத்து மறைத்திருப்பது, பிள்ளைகளுக்குப் பெருமையாக இருக்கக்கூடும்.

நூறு வருடங்களுக்குப் பின் எம்மைத் தேடி ஒரு பிள்ளை வருமானால், அதற்கு எழுத்துகளைக் கிண்டிக் கிளறும் சிரமம் இருக்கக் கூடாது. எமக்கு எழுதத் தெரியும். அந்த வாய்ப்பை எமக்குப் பெற்றுத் தந்தவர்களின் பெயர்களையாவது நாம் எழுதி வைப்போம்.